நங்கூரக் கல்லின் கடைசி வரி

எங்கள் ஏஜென்சிக்கு வருகிற கேஸ்களில் பாதி, காணாமல் போன புருஷன். மீதி, காணாமல் போனால் தேவலை என்கிற புருஷன். அதனால் ஒரு பெண் போன் செய்து, "ஒரு கல்லறைக் கல் விஷயமா நீங்க உடனே வரணும். செத்தவர் செத்து ஆயிரத்து எண்ணூறு வருஷம் ஆச்சு" என்றபோது, ராங் நம்பர் என்று வைக்கப் போனேன். அண்ணி என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, "விலாசம் சொல்லுங்க" என்றாள்.

அண்ணி என்றால் என் சொந்த அண்ணிதான். அண்ணன் சரக்குக் கப்பலில் இன்ஜினியர், வருஷத்தில் பாதி நாள் தண்ணீரில். அண்ணி இன்சூரன்ஸ் கம்பெனியில் அடிபட்ட கார்களைச் சோதிக்கிற வேலையில் இருந்தாள். பொய் சொல்கிறவர்களைப் பிடிப்பதில் ருசி கண்டு, அந்த வேலையை உதறிவிட்டுத் துப்பறிய வந்தாள். நான் பத்திரிகையில் போட்டோகிராபர். பத்திரிகையை மூடியதும் அண்ணியின் நிழலில் ஒதுங்கினேன். உயரம் அதிகம், சதை குறைவு என்பதால் எனக்கு ஒட்டடை என்று பேர் வைத்ததும் அவள்தான். சம்பளத்தில் கஞ்சம், பட்டப்பேரில் தாராளம்.

விலாசம் ஒரு பழைய மூன்று மாடிக் கட்டடம். ஆதிகாலக் கிறிஸ்தவர்களைப் பற்றி ஆராய்கிற நிறுவனம் என்று வாசல் பலகை சொன்னது. கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத ஒரு அறையில், வெள்ளைக் கோட்டு போட்ட பெண் ஒருத்தி எங்களுக்காகக் காத்திருந்தாள். கற்களைச் சுத்தம் செய்து பாதுகாப்பது அவள் வேலை. அழுது முடித்த முகம், ஆனால் குரல் நிதானமாக இருந்தது.

"மதியம் விசாரணைக் குழு கூடுது மேடம். என்னை வேலையை விட்டு எடுக்கப் போறாங்க. அதோட விட்டாப் பரவாயில்ல. பழம்பொருளைச் சேதப்படுத்தினேன்னு போலீஸ்ல எழுதிக் கொடுக்கப் போறாங்க. அப்புறம் எந்த மியூசியத்துலயும் என்னை வாசப்படி ஏற விடமாட்டாங்க. எனக்கு இந்த வேலையைத் தவிர வேற எதுவும் தெரியாது."

"எந்தப் பொருள்?"

அவள் விளக்கைத் திருப்பினாள். மேஜைமேல் இடுப்பு உயரத்துக்கு ஒரு கல் படுத்திருந்தது. மேலே கிரேக்க எழுத்து சில வரி. நடுவில் ஒரு நங்கூரம், அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு மீன். அதற்குக் கீழே ஒரு பட்டை மட்டும் தோல் உரிந்த மாதிரி வெளுத்துக் கிடந்தது. யாரோ சுரண்டியிருக்கிறார்கள் என்று எனக்கே தெரிந்தது.

"சுரண்டினவன் ஸ்கேல் வெச்சு சுரண்டியிருக்கான்" என்றேன்.

அண்ணி குனிந்து பார்த்தாள். "கிண்டலா சொன்னாலும் சரியாத்தான் சொல்ற. மேல கீழ ஒரு கீறல்கூடத் தப்பிப் போகல. சரி, இந்தக் கல்லுல அப்படி என்ன விசேஷம்?"

அந்தப் பெண் சொன்னாள். "அந்தக் காலத்துல கிறிஸ்தவங்க பயந்து பயந்து வாழ்ந்தாங்க. அரசாங்கத்துக்கு அவங்க மேல சந்தேகம், பக்கத்து வீட்டுக்காரனுக்கு வெறுப்பு. அதனால கல்லறையில சிலுவை போடமாட்டாங்க. மீன், நங்கூரம்னு தெரிஞ்சவங்களுக்கு மட்டும் புரியற அடையாளத்தைப் போடுவாங்க. அப்படிப்பட்ட கல்லுங்கள்லயே இதுதான் பழசு. ஒரு துறைமுகத்துல, படகுக் கொட்டகைச் சுவர்ல செங்கல்லோட செங்கல்லா பதிச்சிருந்தது. பேராசிரியர் கண்டுபிடிச்சார். மத்தவங்க நினைச்சதுக்கு ரெண்டு தலைமுறை முன்னாடியே அவங்க அடையாளம் போட ஆரம்பிச்சுட்டாங்கன்னு இதை வெச்சுத்தான் நிறுவினார். அவர் பேரே இந்தக் கல்லு மேலதான் நிக்குது."

"பேராசிரியர்னா?"

"என் மாமனார்."

அண்ணி என்னைப் பார்த்தாள். நான் கல்லைப் பார்த்தேன். குடும்பம் உள்ளே வந்துவிட்டால் எந்தக் கேஸும் இடியாப்பச் சிக்கல்தான்.

"கல்லோட அடிப்பக்கம் அந்தச் சுவர்ச் சுண்ணாம்பு கெட்டியா ஒட்டியிருந்தது" என்று அவள் தொடர்ந்தாள். "அங்க ஒண்ணும் இல்லைன்னுதான் எல்லாரும் நினைச்சோம். போன வாரம் நான் அதை எடுத்தேன். கீழ ஒரு வரி இருந்தது மேடம். ரொம்பத் தேஞ்ச எழுத்து. 'கொல்லன்'ங்கற ஒரு வார்த்தை மட்டும் நிச்சயமாத் தெரிஞ்சது."

"போட்டோ?" என்றேன். என் தொழில் புத்தி.

"எடுத்தேன். வெறும் சொறி மாதிரி விழுந்தது. தேஞ்ச எழுத்துக்குப் போட்டோ உதவாது. அதான் தாள்படி எடுத்தேன்." எங்கள் முழியைப் பார்த்துவிட்டு விளக்கினாள். "கெட்டியான தாளை நனைச்சு கல்லு மேல போர்த்தி, பிரஷ்ஷால நல்லா அடிப்போம். தாள் எழுத்துக் குழிக்குள்ள எல்லாம் இறங்கும். ராத்திரி பூரா காயவிட்டுக் காலையில உரிச்சா, கல்லுல குழியா இருந்த எழுத்து தாளோட உள்பக்கம் மேடா எழும்பி நிக்கும். கண்ணாடியில தெரியற மாதிரி திரும்பியிருக்கும். அதை அப்படியே படிக்கப் பழகிக்குவோம். காயற வரைக்கும் தாளைக் கையால தொடவே கூடாது. எழுத்து நசுங்கிடும். இந்தத் தொழில்ல சேர்ற அன்னிக்குச் சொல்ற முதல் பாடம் அதுதான்."

"காலையில உரிச்சீங்களா?"

"உரிக்கத் தாளே இல்ல. இயக்குநரும் பார்க்கட்டும்னு முந்தின சாயங்காலமே போன் பண்ணியிருந்தேன். ரெண்டு பேரும் சேர்ந்துதான் கதவைத் திறந்தோம். தாளும் இல்ல, வரியும் இல்ல. இப்படிச் சுரண்டிக் கிடந்தது."

"சாவி யார் யார்கிட்ட?"

"என்கிட்ட, இயக்குநர்கிட்ட, மாமாகிட்ட. மாமாவுக்குப் பார்வை போயிடுச்சு மேடம். இருந்தாலும் பொழுது விடியறப்பவே டிரைவர் கொண்டுவந்து விடணும், மேல அவர் ரூம்ல உக்காரணும். அது இல்லன்னா அவருக்கு நாளே ஓடாது."

"வரி விஷயம் யாருக்கெல்லாம் சொன்னீங்க?"

"இயக்குநருக்கு. அப்புறம் வீட்டுல சாப்பிடும்போது மாமாவுக்கு."

"மாமா என்ன சொன்னார்?"

"நல்லாக் காயவிடு, அவசரப்படாதேன்னார்."

* * *

இயக்குநர் அறைக்கு மாடிப்படி வழியாகப் போனோம். போகிற வழியில் ஒரு கதவு திறந்திருந்தது. உள்ளே சுவர் தெரியாமல் புத்தகம். ஜன்னலோரம் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர், மடியில் ஏதோ காகிதத்தை வைத்துத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் காலடிச் சத்தத்துக்குத் தலையைத் தூக்கினார். பிறகு திரும்பவும் காகிதத்தின் மேல் குனிந்துகொண்டார்.

இயக்குநர் ஆராய்ச்சிக்காரர் இல்லை. எங்கேயோ ஓட்டல் நிர்வாகத்தில் இருந்து இங்கே வந்தவராம். பேசிக்கொண்டே ஒரு கடிதத்தைப் படித்தார், நாலாகக் கிழித்தார், தொட்டியில் போட்டார்.

"பின்னாடி கட்டடம் எழும்புதே, பார்த்தீங்களா? நங்கூரக் கூடம். அந்தக் கல்லை நடுவுல வெச்சு, சுத்தி ஆதிக் கிறிஸ்தவங்க வரலாறு. திறப்பு விழாவுக்கு ஆள் அழைச்சாச்சு. இந்த நேரத்துல அந்த அம்மா வந்து, கீழ ஒரு வரி இருக்குது, அது மாத்திச் சொன்னாலும் சொல்லும்ங்கறாங்க. எங்க வரி? அவங்க ஒருத்தரைத் தவிர யார் பார்த்தா?"

"அப்ப சுரண்டினது?"

"சுத்தம் பண்றப்ப கை தவறியிருக்கும். அதை மறைக்க ஒரு கதை."

"கை தவறினா இவ்வளவு நேராவா சார் தவறும்?" என்றாள் அண்ணி.

"அதைக் குழு முடிவு பண்ணட்டும். குழுவுல எல்லாருமே கல்வெட்டுப் படிச்சவங்க. துப்பறியறவங்க வேண்டியதில்ல."

வெளியே வந்ததும் அண்ணியின் காதருகே சொன்னேன். "இந்த ஆள்தான் அண்ணி. வரி வெளிய வந்தா கூடம் காலி. முழிக்கிற முழியே சரியில்ல."

"முழிக்கிறவன் எல்லாம் திருடன்னா, சம்பளம் கேக்கறப்ப நீ முழிக்கிறியே, உன்னையும் உள்ள போடணும். இவர் கையில காகிதம் கிடைச்சா என்ன ஆகுது, பார்த்தியா?"

"நாலாக் கிழியுது."

"அப்ப இவர் எடுத்திருந்தா அந்தத் தாள் இந்நேரம் குப்பை வண்டியில. அதைத் தேடிப் பிரயோஜனம் இல்ல. தாள் எங்கயாவது முழுசா இருந்தா, எடுத்தது இவர் இல்ல. முதல்ல தாளைத் தேடுவோம்."

"எங்கன்னு தேடறது? ஆளை மடிச்சு வைக்கிற அளவுக்கு அலமாரிங்க இருக்கு இங்க."

அண்ணி கீழே இறங்கி, வெள்ளைக் கோட்டுப் பெண்ணிடம் ஒரு கேள்வி கேட்டாள். "உங்க ஆளுங்க கையில ஒரு தாள்படி இருக்கு. வேலை முடிஞ்சுது. என்ன பண்ணுவீங்க?"

"அதுக்கான இடத்துல வைப்போம்."

"தூக்கிப் போடமாட்டீங்களா?"

அவள் என்னவோ கெட்ட வார்த்தையைக் கேட்டுவிட்ட மாதிரி அண்ணியைப் பார்த்தாள். "சில கல்லு சண்டையில உடைஞ்சு போச்சு மேடம். சிலதைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கிட்டாங்க. இன்னிக்கு மிச்சம் இருக்கறது அதோட தாள்படி மட்டும்தான். எங்கள்ல யாரும் அதைக் கிழிக்கமாட்டாங்க. கை வராது."

"திருடினவனுக்கும் கை வராதா?"

அந்தப் பெண்ணின் முகம் மாறியது. அவள் முன்னால் நடந்தாள்.

தாள்படி அறையில் அகல அகலமான தட்டையான இழுப்பறைகள் தரையிலிருந்து கூரைவரை இருந்தன. ஊர்வாரியாக, ஊருக்குள் இடம்வாரியாக அடுக்கு. நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முதல் இழுப்பறையிலிருந்து ஆரம்பிக்கத் தயாரானேன். அந்தப் பெண் நேராக ஒரு இழுப்பறைக்குப் போனாள். அந்தத் துறைமுகம், அந்தப் படகுக் கொட்டகை. இழுத்தாள். மேலாக வெள்ளை வெளேரென்று ஒரு புதுத் தாள் கிடந்தது.

கல்லைச் சுரண்டியவன், சாட்சியைத் திருடியவன், திருடின பொருளை ஒழுங்காக அதற்கான இழுப்பறையில் கொண்டுபோய் வைத்திருக்கிறான். என் அனுபவத்தில் இப்படியொரு திருடனைப் பார்த்ததில்லை.

அந்தப் பெண் தாளைக் குப்புறத் திருப்பி, விளக்கைச் சாய்த்துப் பிடித்தாள். மேடான எழுத்துகள் நிழலோடு எழுந்து நின்றன. உதடு அசைய வலமிருந்து இடமாகப் படித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் குரல் கேட்டது.

"'நங்கூரம் அடிக்கும் கொல்லன். பட்டறைக் கூட்டாளிகள் வைத்தோம். கீழுலகத் தெய்வங்களே, இவனிடம்...' அதுக்கு மேல ஒரு வார்த்தை. தெரியல."

"அப்ப அந்த நங்கூரம் ரகசியச் சின்னம் இல்ல, கடை போர்டு" என்றேன். "மீன்?"

"துறைமுகம்தானே. மீனுக்கு என்ன பஞ்சம்." அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "இவர் கிறிஸ்தவரே இல்ல. கீழுலகத் தெய்வங்களைக் கூப்பிட்டுப் புதைச்சிருக்காங்க."

அண்ணி எழுத்தைப் படிக்கவில்லை. அவளுக்குக் கிரேக்கம் தெரியாது. அவள் தாளை, கார் பம்பரைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். "மேல இருக்கற வரியெல்லாம் கூர்மையா நிக்குது. கடைசி வரி மட்டும் ஏன் மழுங்கியிருக்கு? கல்லு தேஞ்சதாலயா?"

"இல்ல மேடம். கல்லு தேஞ்சிருந்தா மேடு சின்னதா இருக்கும். இது எழும்பி, அப்புறம் நசுங்கியிருக்கு."

"எப்படி நசுங்கும்?"

"ஈரத்துல விரல் பட்டா..."

"ஒட்டடை, இந்த விரல் தடம் எந்தப் பக்கமா போகுது?"

நான் கண்ணை இடுக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு எழுத்தும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தது. "வலதுல ஆரம்பிச்சு இடதுபக்கமா. இவங்க இப்ப படிச்சாங்களே, அதே மாதிரி."

கண்ணிருக்கிறவனுக்கு விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் போதும். இந்தத் தொழிலின் முதல் பாடத்தை மீறி ஈரத்தாளில் விரலை வைக்கவேண்டிய அவசியம் ஒரே ஒருத்தருக்குத்தான். மேலே ஜன்னலோரம் காகிதத்தைத் தடவிக்கொண்டிருந்தவர் எனக்கு ஞாபகம் வந்தார். அந்தப் பெண்ணுக்கு என்னைவிட முன்பே ஞாபகம் வந்திருக்க வேண்டும். இழுப்பறையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாங்கள் கேஸைக் கண்டுபிடித்ததற்காக நான் வருத்தப்பட்டது அதுதான் முதல் தடவை.

* * *

பேராசிரியர் எங்களை எதிர்பார்த்திருந்தார் போலிருந்தது.

"தாள் கிடைச்சுதா?" என்றார்.

"கிடைச்சுது மாமா. அதோட இடத்துலயே இருந்தது."

"வேற எங்க வைக்கிறது." கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பழக்கதோஷம். "தாளை உரிச்சுட்டு முதல்ல கல்லுல தடவிப் பார்த்தேன்மா. வரி இருக்கற இடம் தெரிஞ்சுது, என்ன எழுத்துன்னு விரலுக்குப் பிடிபடல. தாளைத் திருப்பினா மேடா இருந்தது. காயற வரைக்கும் பொறுக்க முடியல. நீ வந்துடுவ."

"எந்த ஆயுதத்தால சுரண்டினீங்க?" என்றாள் அண்ணி.

"அவளோட உளிதான். இடது கையால வரியைத் தொட்டுக்கிட்டே, வலது கையால. வரியைத் தவிர வேற எதையும் தொடல. நங்கூரத்துக்கு ஒண்ணும் ஆகலையே?"

எனக்கு ஆத்திரமாக வந்தது. பலி போட்ட பிறகு, ஆட்டுக்குக் காயம் படவில்லையே என்று கேட்கிற மாதிரி இருந்தது. அந்தப் பெண் மட்டும் அசையாமல் நின்றாள்.

"என்கிட்ட ஏன் மாமா சொல்லல? இந்த வரியை வெளிய விடாதேன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டிருந்தா நீ மறைச்சிருப்ப. என் மேல அவ்வளவு மரியாதை உனக்கு. உன்னைப் போய்ப் பொய் சொல்லுன்னு நான் எப்படிச் சொல்வேன்? வாய் வரல."

"பொய் சொல்லச் சொல்ல மனசு வரல. பொய்க்காரியா ஆக்க மட்டும் மனசு வந்துதா?"

பெரியவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "வேலையை விட்டு எடுப்பாங்கன்னு நினைக்கலம்மா. கை தவறிடுச்சுன்னு திட்டிட்டு விட்டுடுவாங்கன்னு நினைச்சேன். போலீஸ்னு கேள்விப்பட்டதுல இருந்து தூக்கம் இல்ல. குழுவுக்கு வர்றேன். நானே சொல்லிடறேன்."

சொன்னபடி வந்தார். அதுவரைக்கும் மனுஷனைக் குறை சொல்ல முடியாது.

* * *

நீள மேஜை. குழுவில் நாலைந்து தலைகள், எல்லாம் நரைத்தவை. தலைவி ஒரு வயதான பெண்மணி. பேராசிரியர் உள்ளே வந்ததும் எல்லாரும் எழுந்து நின்றார்கள். கண் தெரியாதவருக்காக எழுந்து நிற்கிறார்கள் என்றால் மரியாதை எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணி தாளை மேஜையில் வைத்தாள். தலைவி விளக்கைச் சாய்த்துப் படித்தார். தாள் கை மாறி மாறிப் போனது. வரி இருந்தது நிஜம் என்று ஒத்துக்கொண்டார்கள். நான் மூச்சு விட்டேன். சீக்கிரம் விட்டுவிட்டேன்.

"வரி இருந்தது. சரி" என்றார் இயக்குநர். "இப்பத்தான் விஷயமே தெளிவாகுது. இந்த வரி வெளிய வந்தா மாமனார் பேர் போயிடும். யாருக்கு வலிக்கும்? மருமகளுக்கு. படி எடுத்து, படிச்சுப் பார்த்து, பயந்து சுரண்டியிருக்காங்க. தாளைக் கிழிக்க மனசில்லாம ஒளிச்சு வெச்சிருக்காங்க. இது கை தவறினது இல்ல, வேணும்னே பண்ணது."

தலைகள் மெதுவாக ஆடின. தாள் கிடைத்தால் அவள் தப்பிப்பாள் என்று நினைத்தோம். கிடைத்த தாளே அவள் கழுத்தில் சுருக்காக விழுந்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை.

"அவ இல்ல" என்றார் பேராசிரியர். "சுரண்டினது நான்."

யாரும் பதறவில்லை. அதுதான் கொடுமை. குழுவில் ஒருத்தர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

"சார்" என்றார் இயக்குநர், குரலில் தேன் வழிய. "மருமகளுக்காகப் பழியை நீங்க சுமக்கணும்னு இல்ல. கண்ணு தெரியாதவர் ஒரு வரியை மட்டும் கச்சிதமா எடுத்தார்னு யார் நம்புவா?"

"நான்தான் எடுத்தேன். என் கண்டுபிடிப்பு தப்புன்னு தெரிஞ்சுது. எடுத்தேன்."

"எவ்வளவு பெரிய மனசு" என்று ஒருத்தர் பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்தார்.

அவர் சொல்லச் சொல்ல அவர் உயர்ந்துகொண்டே போனார், அவள் தாழ்ந்துகொண்டே போனாள். மனுஷன் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தப்பை ஒத்துக்கொள்கிறார், அதைத் தியாகம் என்கிறார்கள். அந்தப் பெண் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தால் மாமனாரைக் காட்டிக்கொடுத்தவள், திறக்காவிட்டால் குற்றவாளி. அவள் திறக்கமாட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அண்ணி எழுந்தாள்.

"எனக்குக் கிரேக்கம் தெரியாது. தொழில் தெரிஞ்ச உங்களை ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். தாள் ஈரமா இருக்கறப்ப நீங்க யாராவது விரலால தொடுவீங்களா?"

"மாட்டோம்" என்றார் தலைவி.

"கடைசி வரியைத் திரும்பப் பாருங்க. நசுங்கியிருக்கு. வலதுல இருந்து இடதுக்கு விரல் போயிருக்கு. ஈரத்துல உரிச்சு, ஈரத்துலயே விரலால படிச்சிருக்காங்க. கண்ணு இருக்கறவங்களுக்கு விளக்கே போதுமே. சாயங்காலம் போட்ட தாள் விடியற்காலையில அரை ஈரமா இருக்கும். அந்த நேரத்துல இந்தக் கட்டடத்துக்குள்ள இருந்தது யாரு? இவங்க வர்றப்ப தாள் இல்ல, கல்லு சுரண்டியிருந்தது. அதுக்கு நீங்களே சாட்சி." கடைசி வார்த்தைகள் இயக்குநருக்கு. "கல்லு மேல தாள் இருக்கற வரைக்கும் கல்லைச் சுரண்ட முடியாது. உரிச்சவர்தான் சுரண்டினவர். ஏன் கச்சிதமா இருக்குன்னா, அவர் கண்ணால பார்த்துச் சுரண்டல. விரலை விட்டு எடுக்காம சுரண்டினார். கண்ணு இருந்திருந்தா எங்கயாவது தப்பியிருக்கும்."

தலைவி தாளை இழுத்து முகத்தருகே கொண்டுபோனார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தாளை வைத்துவிட்டு, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணை ஒற்றிக்கொண்டவர் கைக்குட்டையைச் சட்டைப்பைக்குள் திணித்தார்.

"இந்த அம்மா மேல எந்தப் புகாரும் இல்ல" என்றார் தலைவி. "கல்லையும் தாளையும் பத்தி இவங்களே எழுதட்டும். கடைசி வரியோட."

ஒவ்வொருத்தராக எழுந்து போனார்கள். இந்தத் தடவை பேராசிரியருக்காக யாரும் நிற்கவில்லை. அவருக்கு அது நாற்காலிச் சத்தத்திலேயே தெரிந்திருக்கும்.

மேஜையில் நாங்கள் நாலு பேரும் அந்தத் தாளும்தான் மிச்சம். அவள் தாளைத் தன் பக்கம் திருப்பி, பேனாவைத் திறந்து, ஒரு வெள்ளைக் காகிதத்தில் கடைசி வரியை எழுதத் தொடங்கினாள். கொல்லன். கூட்டாளிகள். கீழுலகத் தெய்வங்கள். பேனா நின்றது.

"ஏன் நிறுத்திட்ட?" என்றார் அவர். "எழுது. 'இரக்கமாயிருங்கள்'. அதான் கடைசி வார்த்தை. ரெண்டு மூணு தடவை தடவிப் பார்த்தேன். சந்தேகமே இல்ல."

"அந்த ரெண்டு மூணு தடவையிலதான் மாமா அது போச்சு. மத்த எழுத்தாவது நசுங்கியிருக்கு. அந்த வார்த்தை வழவழன்னு இருக்கு."

"அதனால என்ன, நான் படிச்சேனே. நான் சொல்றேனே."

அவள் காகிதத்திலிருந்து நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவள் கோபமாக இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"நீங்க சொன்னதா நான் எப்படி மாமா எழுதுவேன்?"

பட்டறையில் கூடவே வேலை பார்த்தவர்கள், செத்தவனுக்காகக் கேட்ட ஒரே ஒரு வார்த்தை. ஆயிரத்து எண்ணூறு வருஷம் தப்பி, சுண்ணாம்புக்குள் பத்திரமாக இருந்த வார்த்தை. இப்போது அது கல்லிலும் இல்லை, தாளிலும் இல்லை. அவள் அந்த இடத்தை வெறுமையாக விட்டு, அதைச் சுற்றி ஒரு அடைப்புக்குறி போட்டு, 'படிக்க முடியவில்லை' என்று எழுதினாள்.